ஜீப்காரரின் முதுகு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பில் எல்லா உறுப்பும் இருந்த இடத்தில் இருக்க, வீடு வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த ரொட்டியும் அவித்த முட்டையும் வீணாகிவிட்டன என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜீப் போட்ட குலுக்கலில் இரண்டும் ஒரே கூழாகி, அதன்மேல் அத்தானின் வெயில் களிம்பு வேறு பிதுங்கிக் கொட்டியிருந்தது. பொட்டலத்தைத் திறந்து பார்த்த ஜீப்காரர், "இது சாப்பிடவா சார், பூசிக்கவா?" என்று கேட்டார்.

ரோடு என்று அதைச் சொல்வதே மரியாதைக்குத்தான். தாரைக் கண்ணால் பார்த்திராத இருபத்திரண்டு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் ஆனது. வாயை மூடினால் பல்லோடு பல் இடிக்கிறது, திறந்தால் புழுதி. எட்டாவது கிலோமீட்டரில் அத்தான் தன் தொப்பிக்குள் வாந்தி எடுத்தார். பதினாலாவது கிலோமீட்டரில் வேறு தொப்பி இல்லாததால் என் பைக்குள்.

மலை இடுக்கின் அழகை அத்தான் பத்திரிகையில் எழுதுவார். நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் வானத்தை மறைக்கிற பாறைச் சுவர், நடுவில் ஓடை, ஓடைக்குள்தான் நடை. முதல் அரை மணியில் என் காலில் பதினேழு அட்டைகள். அத்தான் தன் காலைக் குனிந்து பார்க்கவே மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஜீப்காரர்தான் உப்பைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். தாகத்துக்கு ஓடைத் தண்ணீரையே வயிறு முட்டக் குடித்தோம். நூறடி மேலே போனால், அதே தண்ணீரில் ஓர் ஆடு செத்து ஊதிக் கிடக்கிறது. வயிறு வெடித்து வெள்ளைப் புழு நெளிகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டு வருடமாக ஊரார் மலத்தையும் சளியையும் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். குச்சியால் புரட்டி, செத்து மூன்று நாள் இருக்கும் என்று கணக்குச் சொன்னேன். அத்தான் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது வளைவில் ஒரு மடு. மார்பளவு தண்ணீர், நாற்பதடி நீளம். அங்கே அத்தானுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. ஜீப்காரர் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்த்தார். ஐம்பது வயது மனிதர், என்னைவிட ஒல்லி. இதை நீயாக அத்தானிடம் கேட்காதே. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்.

பாறையில் வழுக்கியதில் அத்தானின் கணுக்கால் வீங்கியிருக்கிறது, ஐஸ் வை.

நீ வளர்த்த
தம்பி

---

மார்ச் 9

என் அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பதினேழு அட்டை என்று நீ எண்ணிக்கொண்டு நின்றாயே, உன்னை என்ன சொல்வது! கடித்த இடத்தைச் சொறியாதே. சின்ன வயதில் கொசு கடித்ததையே ரணமாக்கிக்கொள்வாய்.

அத்தான் வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வீக்கம் இறங்கிவிட்டது. ஆனால் சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வருகிறது. அவருடைய பேன்ட்டை மூன்று தடவை துவைத்தேன், வாடை போகவில்லை. கடைசியில் வாளியோடு வெளியே வைத்துவிட்டேன். ஆட்டுத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தானின் பயணக் கட்டுரை செவ்வாய்க்கிழமைக்குள் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். இந்தத் தடவை சரியாக வரவில்லை என்றால் அவருடைய பக்கத்தையே நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது. புது ஆசிரியர் அப்படித்தான் ஜாடையாக எழுதியிருக்கிறார். நேற்று பள்ளிக்கூட அலுவலகத்தில் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து டைப் அடித்தேன். இன்றைக்கும் அடிக்க வேண்டும்.

அந்த ஜீப்காரருக்கு என் நன்றியைச் சொல்ல வழி இருந்தால் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. சாம்பிள் பார்த்த கையோடு டீ குடிக்காதே.

என்றும் உன் நினைவாக
அக்கா

---

மார்ச் 27

அக்கா,

இன்று மதியம் லேபில் எங்கள் ரிசப்ஷனிஸ்ட் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், உங்க அத்தான் எழுதினது, கேளுங்க" என்று எல்லாருக்கும் சத்தமாகப் படித்தாள். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்திருந்தேன்.

நீதானே டைப் அடித்தாய், உனக்கு மனப்பாடமாக இருக்கும். இருந்தாலும் அந்த இடத்தை இங்கே எழுதுகிறேன்: "மடுவின் நடுவே ஜீப்காரர் சிலையாகிப் போனார். வண்டி ஓட்டத் தெரிந்த கால்களுக்குத் தண்ணீரில் நிற்கத் தெரியவில்லை. அவரை முதுகில் ஏற்றிக்கொண்டேன். பாறையில் ஏறும்போது என் முதுகில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. பயத்தின் சூடு அது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது."

எல்லாரும் சிரித்தார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நான் டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பினேன்.

மறைத்து வைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். உறைந்து நின்றவர் அத்தான். "என்னை விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று அழுதவர் அவர். ஜீப்காரர் முதுகில் ஏறி, மடுவைத் தாண்டி, பாறையில் ஏறும்போது அவர்மேல் சிறுநீர் கழித்தவரும் அவர்தான். நான் பின்னால் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த வாடை எனக்குத் தெரியாதா? ஜீப்காரருக்கும் தெரிந்தது. ஒரு நொடி நின்றார். பிறகு, "எல்லாமே ஈரம்தானே சார், கெட்டியா புடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். கரைக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஓடையில் அலசிப் பிழிந்து, அதையே மறுபடி போட்டுக்கொண்டார். திரும்பி வந்த இருபத்திரண்டு கிலோமீட்டரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜாடைகூட இல்லை.

பயந்ததில் எனக்குக் குறையே இல்லை, அக்கா. உடம்பு என்றால் எல்லாம் வரும். நான் பார்க்காததா? ஆனால் தன் மூத்திரத்தை, தன்னைச் சுமந்தவன்மேல் எழுத்தால் இன்னொரு தடவை ஊற்றியிருக்கிறாரே, இதைப் பார்த்துத்தான் குமட்டுகிறது. அந்த ஆட்டின் வயிற்றைக் குச்சியால் கிளறினேன், இந்தப் பக்கத்தை விரலால் தொட முடியவில்லை.

நடந்தது இது இல்லை என்று அடுத்த இதழில் எழுதச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

தம்பி

---

ஏப்ரல் 1

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. மறைத்து வைத்ததாக நீ சொன்ன விஷயம் எனக்கு முன்பே தெரியும். அத்தான் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். பேன்ட் வாடைக்கு ஆட்டுத் தண்ணீரைக் காரணமாக உனக்கு எழுதியது மறைக்கத்தான். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

தம்பி, பயணக் கட்டுரை என்றால் அதில் கொஞ்சம் கூட்டலும் கழித்தலும் இருக்கும். படிக்கிறவர்களுக்கும் அது தெரியும். ஜீப்காரர் யார், எந்த வண்டி என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா? பெயர் இல்லை, அடையாளம் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம்? அந்த வரிதான் கட்டுரையைத் தூக்கி நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டால் மொத்தமும் படுத்துவிடும். இதுவரை எந்தக் கட்டுரைக்கும் வராத அளவு வாசகர் கடிதம் வந்திருக்கிறது, பக்கத்தைத் தொடர்கிறோம் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். அத்தான் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். நேற்று முகச்சவரம்கூடச் செய்துகொண்டார்.

ஒரு மனிதர் விழுந்து எழுந்திருக்கிறார். மறுபடி தள்ளிவிடாதே. எனக்காகப் பொறுத்துக்கொள். அடுத்த வாரம் சாப்பிட வா. உனக்குப் பிடித்ததாகச் செய்து வைக்கிறேன்.

உன்
அக்கா

---

ஏப்ரல் 10

அக்கா,

சாப்பிட வரவில்லை. லீவு போட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போனேன்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய் அல்லவா? அந்த மண் ரோட்டில் ஓடுகிற ஜீப்புகள் மொத்தம் நாலு. இடுக்குக்குள் கூடவே நடந்து வருகிற ஜீப்காரர் ஒருவர்தான். பெயர் எதற்கு?

ஜீப் ஸ்டாண்டு மண் ரோட்டின் மலைப்பக்க முனையில். ஸ்டாண்டு என்றால் ஒரு டீக்கடை, ஒரு மரம், ஒரு பஞ்சர் கடை. மற்ற மூன்று வண்டிகளும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. அவருடைய வண்டி மட்டும் மரத்தடியில். கண்ணாடியில் யாரோ கைக்குழந்தைக்கு இடுப்பில் கட்டுகிற துணியை மாட்டி வைத்திருந்தார்கள். "எடுத்துப் போட்டா மறுநாள் இன்னொண்ணு மாட்டறாங்க சார். அதான் விட்டுட்டேன்" என்றார். நான் இருக்கும்போதே இடுக்கைப் பார்த்துத் திரும்பிய வெளியூர்க்காரர்கள் நாலு பேர் வண்டி தேடி வந்தார்கள். டீக்கடைக்காரர் அந்த வண்டியைக் கை காட்டினார். ஒருவன் பத்திரிகையைப் பார்த்தவன் போலிருக்கிறது. "ஐயோ, அந்த ஆளா? சீட்டைத் தொடச்சிட்டானா கேளு" என்றான். நாலு பேரும் சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்காகக் காத்து நின்றார்கள். அவர் காதில் விழுகிற தூரம்தான்.

அத்தானின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்றுதான் என்னிடம் முதலில் கேட்டார். இதை நம்புவாயா?

"நீங்க ஏன் உண்மையைச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"யார்கிட்ட சார் சொல்றது? அச்சுல வந்துடுச்சே. நான் வாயால சொன்னா, மாட்டிக்கிட்டவன் மழுப்பறான்னுதான் சொல்வாங்க."

"படிச்சீங்களா?"

"எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். மகதான் படிச்சுக் காட்டினா. பத்தாவது படிக்கறா. நல்லா ஏத்த இறக்கமா படிச்சுக்கிட்டே வந்தா. அந்த எடம் வந்ததும் நிறுத்திட்டா. 'அவ்வளவுதாம்ப்பா, முடிஞ்சிருச்சு'ன்னா. முடியலைன்னு எனக்குத் தெரியாதா? பேப்பர் மடிக்கறப்போ கீழே இன்னும் அரைப் பக்கம் இருக்கே."

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அக்கா, ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கட்டுரை அத்தானுடையது. அந்த வரிக்கு நீ ஏன் இவ்வளவு வக்காலத்து வாங்குகிறாய்? அது போனால் கட்டுரை படுத்துவிடும் என்று டைப் அடிக்கிறவளுக்கு என்ன கவலை?

தம்பி

---

ஏப்ரல் 15

தம்பி,

கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடமாக அந்தப் பக்கத்தை எழுதுவது நான். அத்தான் நடப்பார், திரும்பி வந்து சொல்வார், நான் எழுதுவேன். முதலில் அவர் எழுதியதைத் திருத்தத்தான் செய்தேன். பிறகு திருத்துவதைவிட எழுதுவது சுலபமாகப் போயிற்று. நான் பார்க்காத மலை, நனையாத மழை, ஏறாத படகு. பள்ளிக்கூட டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தே எல்லா இடத்துக்கும் போய் வந்திருக்கிறேன். பெயர் அவருடையது. அதில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை அவர், "எனக்கு உடம்பு சரியில்லாம பாதியில திரும்பிட்டேன்னு எழுதிடு" என்றார். எழுதிப் பார்த்தேன். செத்த எழுத்தாக இருந்தது. பக்கம் போய்விடும் என்று தெரிந்தது. அப்போதுதான் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஆளை மாற்றிய உடனே அத்தனையும் ஓடி வந்து உட்கார்ந்தது. அந்த வரியை எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சந்தோஷமாக இருந்தது.

அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். என் முகத்தைப் பார்க்காமல், "நல்லா இருக்கு" என்று மேசைமேல் வைத்தார்.

ஜீப்காரரை நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். என் கண் முன்னால் இருந்தது சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர்.

நீயும் ஒன்றை நினைத்துப் பார். ஏழு வயது வரைக்கும் உனக்குப் படுக்கை நனையும். அம்மா எழுந்து வருவதற்குள் நான் செம்புத் தண்ணீரைப் பாயில் கொட்டிவிட்டு, கால் தட்டிவிட்டது என்று சொல்வேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அன்றைக்கு என் பொய் உனக்கு அருவருப்பாக இல்லையே.

அக்கா

---

ஏப்ரல் 19

அக்கா,

செம்புத் தண்ணீர் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு என் பழியை நீ உன் தலையில் போட்டுக்கொண்டாய். அம்மாவிடம் அடி வாங்கியதும் நீதான். இப்போது அடி வாங்குவது மரத்தடியில் நிற்கிற ஜீப்காரர். இரண்டையும் ஒன்று என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா?

அத்தான்மேல் இருந்த அருவருப்பு எனக்குச் சுலபமாக இருந்தது. ஒதுங்கிக்கொள்ளலாம். உன்மேல் வந்திருப்பதை என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு முதன்முதலில் சோறு பிசைந்து ஊட்டியது அந்தக் கை. நேற்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஸ்லைடை வைக்கவே மறந்துபோயிருக்கிறேன்.

பத்திரிகைக்கு நானே எழுதலாம் என்று நாலு தடவை உட்கார்ந்தேன். எனக்கு வருவது லேப் ரிப்போர்ட்தான். நிறம், வாடை, அளவு, தேதி. அதை யார் போடுவார்கள்? எழுதத் தெரிந்தவள் நீ. எழுதியவளும் நீ.

நான் இனி அந்த வீட்டுக்கு வருவதாக இல்லை. நீயும் இங்கே வர வேண்டாம்.

தம்பி

---

மே 6

அன்புத் தம்பிக்கு,

வரவேண்டாம் என்று சொன்னாய், எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நுழைகிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். மூன்று பக்கம். மடு, முதுகு, "எல்லாமே ஈரம்தானே சார்" என்று அவர் சொன்னது, பத்திரிகையில் அதைப் புரட்டி எழுதியது நான் என்பது, பதினோரு வருடமாக எழுதியதும் நான் என்பது. கீழே என் பெயரைப் போட்டேன். என் பெயரை நானே டைப் அடித்தது சம்பளப் பட்டியலைத் தவிர இதுதான் முதல் தடவை. அத்தானிடம் படிக்கக் கொடுத்தேன். பாதி படித்தார். "இனிமே நான் வெளியே எப்படி நடமாடறது?" என்றார். "அந்த ஜீப்காரர் எப்படி நடமாடறாரோ அப்படித்தான்" என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். கூப்பிட்டால் வருவார். நான் கூப்பிடவில்லை.

தபாலில் போடுவதற்கு முன்னால் ஜீப்காரரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பதினோரு வருடமாக எழுதிய ரோடுகளில் நான் நேரில் போன முதல் ரோடு அது, தம்பி. போகும்போது வேறொரு வண்டியில் உட்கார்ந்தேன். நீ அந்த ரோட்டைப் பற்றி எழுதியதைப் படித்தபோது சிரித்தேன், எனக்கு ஆறாவது கிலோமீட்டரிலேயே வாந்தி. பிறகு தலையைத் தூக்கவே இல்லை. நான் இந்த ரோட்டைப் பற்றி எழுதியிருந்தேனே, "செம்மண் கம்பளம்" என்று. எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

ஜீப்காரரிடம் நான் யார் என்று சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து தாளை எடுத்தேன். "இருங்கம்மா. மக டியூஷன் முடிஞ்சு வரட்டும்" என்றார். இரண்டு மணி நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண் வந்தாள். மற்ற மூன்று வண்டிக்காரர்களையும் அவரே கூப்பிட்டு நிற்க வைத்தார். நின்றுகொண்டு படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஏதோ ஓர் இடத்தில், வழக்கம்போல, அழகாக ஒரு வாக்கியம் வந்துவிட்டது. அதைப் படிக்கும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! செத்த ஆட்டை நீ பார்த்தாயே, அவள் அதற்காவது கொஞ்சம் இரக்கப்பட்டிருப்பாள். அந்த வாக்கியத்தை அங்கேயே பேனாவால் அடித்தேன்.

முடிந்ததும் அவள் தாளை வாங்கி, கடைசி வரி வரை தானே ஒரு தடவை அவருக்குப் படித்துக் காட்டினாள். நிறுத்தவே இல்லை.

அவர், "சரிம்மா, போடுங்க" என்றார். பிறகு வண்டிக் கண்ணாடியில் இருந்த துணியை அவிழ்த்துக் கீழே போட்டார். நான் திரும்பிப் போவதற்காக அவர் வண்டிப் பக்கம் போனேன். "என் வண்டியில உங்களை ஏத்த மாட்டேன். உங்க வீட்டு ஆளை ஒரு தடவை சுமந்தாச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மற்ற மூன்று பேரும் எங்கெங்கோ பார்த்தார்கள்.

நடந்தேன். வெயில் தாழும் நேரம். செருப்பு வார் இரண்டாவது கிலோமீட்டரில் அறுந்தது. ஒன்பது கிலோமீட்டர் நடந்த பிறகு ஒரு மணல் லாரி ஏற்றிக்கொண்டது. அந்த லாரிக்காரர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை.

பத்திரிகைக்கு அனுப்பியாகிவிட்டது. வரும் இதழில் போடுகிறோம், இத்துடன் பக்கமும் முடிகிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் இன்னும் வற்றவில்லை. குதிகாலில் இருப்பது எலுமிச்சை அளவு. நாளைக்கு ஊசியால் குத்தி நீரை எடுத்துவிட்டு அலுவலகம் போகலாம் என்று இருக்கிறேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. தெரிய வேண்டியவன் நீ, அதனால் எழுதினேன்.

அக்கா

---

மே 9

அக்கா,

கொப்புளத்தைக் குத்தாதே. உன் வீட்டு ஊசியில் என்னென்ன இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். சீழ் பிடித்துவிடும். ஏற்கெனவே குத்தியிருந்தால் தோலை உரிக்காமல், சுத்தமான துணியால் மூடி வை. செருப்பு போடாதே. அலுவலகத்துக்கு லீவு சொல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மருந்தும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வருகிறேன். சமைத்து வைக்காதே, சாப்பிட மாட்டேன். அதிகம் பேசவும் மாட்டேன்.

அருவருப்பு இன்னும் போகவில்லை. அது போகட்டும் என்று காத்திருந்தால் உன் கால் அழுகிவிடும்.

தம்பி